கத்தி வைக்காமல் கட்டியின் குணத்தை அறிய முடியுமா?

வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்புக்குப் போய், கிளினிக்கில் கட்டியைக் காட்டிவிட்டு, கையில் ஒரு துண்டோடு உன்னிச்சைக்கோ ஆயித்தியமலைக்கோ திரும்பியிருக்கிறீர்கள். துண்டில் எம்.ஆர்.ஐ. என்று எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது கேன்சரா இல்லையா என்று இந்த ஸ்கான் சொல்லிவிடுமா?"

சில கட்டிகளில் சொல்லிவிடும். பல கட்டிகளில் சந்தேகம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். கடைசி முடிவை அதனால் சொல்ல முடியாது. உங்கள் கட்டி இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் அடுத்து என்ன செய்வது என்பதில் தடுமாற்றம் இருக்காது.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தையும் வானொலி அலையையும் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் முறை) எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு துகளிலும் ஐதரசன் இருக்கிறது. பெரிய காந்தத்துக்குள் உங்களைப் படுக்க வைத்ததும் அந்த ஐதரசன் அணுக்கள் காந்தத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுகின்றன. பிறகு ஒரு வானொலி அலையை அனுப்பி அந்த ஒழுங்கைக் கலைக்கிறார்கள். அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது ஒரு மெல்லிய சமிக்ஞையை வெளியிடும். அதைப் பிடித்துக் கணினி படமாக்குகிறது. கொழுப்பு, தசை, சீழ், கட்டி என்று ஒவ்வொன்றிலும் அணுக்கள் திரும்பும் வேகம் வேறு. படத்தில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தெரிவது இந்த வேறுபாடுதான்.

கதிர்வீச்சு உண்டா? எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கானிலும் வரும் கதிர் இதில் கிடையாது. வெட்டும் இல்லை. சிலருக்கு மட்டும் கை நரம்பில் ஒரு மருந்து ஊசி போடுவார்கள்.

கட்டியின் குணத்தை அறிவதுதான் இந்தக் கருவி பிறந்ததற்கே ஒரு காரணம். 1971இல் அமெரிக்க வைத்தியர் ரேமண்ட் டமடியன், எலியின் புற்றுக் கட்டிகளில் ஐதரசன் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1977இல் அவர் குழு எடுத்த முதல் மனித உடல் படத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. படமாக்கும் வழியைச் செப்பமாக்கிய போல் லோட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த நேர அளவு ஒன்றை மட்டும் வைத்து நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று பிரிக்க முடியாது என்பது பிறகு தெரியவந்தது. இரண்டுக்கும் உரிய அளவுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஆகவே இன்று பல தடயங்களைச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

என்ன தடயங்கள்? முதலாவது, கட்டியின் உருவம். ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, பக்கத்துத் தசைக்குள்ளோ எலும்புக்குள்ளோ நுழைகிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாவது, கட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பது. இதை டிஃபியூஷன் (தண்ணீர்த் துகள்களின் இயல்பான அலைச்சல்) படம் என்கிறார்கள். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று கோயில் வீதியில் நடந்திருக்கிறீர்களா? ஆள் நெருக்கத்தில் ஓர் அடி நகர்வதே பெரும்பாடு. அடுத்த வாரம் அதே வீதியில் கைவீசி நடக்கலாம். புற்றுக் கட்டியில் கலங்கள் (உயிரணுக்கள்) பெருகி நெருக்கியடித்து நிற்கும். இடையிலுள்ள தண்ணீருக்கு அசைய இடம் இருக்காது. அந்த இடம் டிஃபியூஷன் படத்தில் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, இரத்த ஓட்டம். வேகமாக வளரும் கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவை ஒழுங்கில்லாதவை, கசிபவை. கடோலினியம் (படத்தில் பிரகாசம் கூட்டும் ஓர் உலோகச் சேர்மம்) என்ற மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டுத் தொடர்ந்து படமெடுத்தால், கட்டிக்குள் மருந்து எவ்வளவு விரைவாக ஏறுகிறது, எவ்வளவு விரைவாக வடிகிறது என்று தெரியும். சடாரென்று ஏறிச் சடாரென்று வடிவது சந்தேகத்தைக் கூட்டும்.

இவ்வளவும் தெரிந்தபின் ஏன் உறுதியாகச் சொல்ல முடியாது? புற்றுக் கட்டியைப் போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்கள் இருக்கின்றன. கெட்டியான சீழிலும் தண்ணீர் அசையாது. மூளையில் காசநோயால் வரும் கட்டி, படத்தில் புற்றுக் கட்டியைப் போலவே வளையமாக ஒளிரக்கூடும். காசநோய் இன்னும் இருக்கும் நம் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது. மாறாக, மெதுவாக வளரும் சில புற்றுகள் படத்தில் சாதுவாகத் தோன்றும்.

இனி உங்கள் கட்டிக்கு வருவோம்.

ஈரலில் கட்டியா? எம்.ஆர்.ஐ.யோ சி.டி.யோ முடிவையே சொல்லிவிடக்கூடிய இடம் இது. குடியாலோ, கொழுப்பு படிந்தோ, வேறு காரணத்தாலோ ஈரல் சுருங்கிப்போனவருக்கும் (சிரோசிஸ்), நாட்பட்ட ஹெப்படைடிஸ் பி உள்ளவருக்கும் ஈரலில் ஒரு கட்டி தோன்றி, அதில் மருந்து ஏறி வடியும் விதமும் மற்ற அடையாளங்களும் பொருந்தினால், அது ஈரல் புற்று என்று சதைத்துண்டு எடுக்காமலே உறுதி செய்து சிகிச்சை தொடங்கலாம். உலகெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள். ஈரல் நன்றாக இருப்பவருக்கு இதே விதி பொருந்தாது. அதே ஈரலில் இரத்தக் குழாய்கள் சேர்ந்து உருவான தீங்கற்ற கட்டி ஒன்றும் அடிக்கடி காணப்படும். அதையும் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தெளிவாக இனங்கண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடும்.

வயதான ஆண்களுக்கு வரும் புரொஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) பிரச்சினையில் இந்தப் படம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் 576 ஆண்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், ஆபத்தான புற்றுகளில் 93 வீதத்தை எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது. குதவழி அல்ட்ராசவுண்ட் ஸ்கானைப் பார்த்து வழக்கமாக ஊசி குத்திச் சதைத்துண்டு எடுக்கும் முறை 48 வீதத்தைத்தான் பிடித்தது. படத்தை முதலில் எடுத்தால் நான்கில் ஒருவருக்கு ஊசியே தேவைப்படாமல் போகலாம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. இந்தப் படத்துக்கு 1 முதல் 5 வரை புள்ளி தருவார்கள். 1, 2 என்றால் ஆபத்தான புற்றுக்கு வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் ஊசி தேவை. 3 என்றால் இரத்தப் பரிசோதனை முதலியவற்றையும் பார்த்து வைத்தியர் முடிவெடுப்பார்.

மார்பில் கட்டி என்றால் முதல் சோதனை எம்.ஆர்.ஐ. அல்ல. மமோகிராம் (மார்பகத்தின் எக்ஸ்ரே), சாதாரண ஸ்கான் (அல்ட்ராசவுண்ட்), பிறகு ஊசி என்பதே வழி. இலங்கைப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்று மார்புப் புற்று. மார்பில் கட்டியைத் தொட்டு உணர்ந்த ஒருவர் எம்.ஆர்.ஐ. திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது சரியல்ல. மார்பு அறிக்கையில் 0 என்று இருந்தால் ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். படம் போதவில்லை, இன்னொரு சோதனை வேண்டும் என்பதே அதன் பொருள்.

வாயில் புண்ணா? வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடும் பழக்கத்தால் இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்று. இங்கும் படத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை இருந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். விறைப்பூசி போட்டு ஒரு சிறு துண்டு எடுத்தால் விடை வந்துவிடும். புற்று என்று உறுதியான பிறகு, அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, தாடை எலும்பைத் தொட்டதா, கழுத்தில் நெறி கட்டியிருப்பது பரவலா என்பதை அறிய எம்.ஆர்.ஐ. உதவும்.

தொடையிலோ முதுகிலோ தோளிலோ ஒரு கட்டி. வலி இல்லை. "கொழுப்புக் கட்டிதான், வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாரோ சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலானவை உண்மையிலேயே கொழுப்புக் கட்டிகள்தான். ஆனால் கட்டி 5 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால், அல்லது வளர்ந்துகொண்டு வந்தால், அல்லது தோலுக்குக் கீழே அல்லாமல் தசைக்குள் ஆழமாக இருந்தால், கத்தி வைக்குமுன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தசையிலும் கொழுப்பிலும் தோன்றும் சர்கோமா (இணைப்புத் திசுக்களில் வரும் புற்று) அபூர்வமானது. அதைக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி அரைகுறையாக வெட்டிவிட்டால், மிச்சம் பரந்துபோய், பிறகு செய்யும் சத்திரசிகிச்சை பெரிதாகிவிடும். சில வேளைகளில் காலையே இழக்க நேரும். என் பார்வையில், நம் பக்கத்து மக்களுக்கு எம்.ஆர்.ஐ.யால் கிடைக்கும் பெரிய நன்மைகளில் ஒன்று இந்த அவசர வெட்டைத் தடுப்பது.

மூளைக் கட்டியில் எம்.ஆர்.ஐ. இல்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. கட்டி எங்கே, பேச்சுக்கும் கைகாலுக்கும் உரிய பகுதிக்கு எவ்வளவு அருகில், வேகமாக வளரும் வகையாகத் தெரிகிறதா என்றெல்லாம் அது சொல்லும். ஆனாலும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்படுத்தலின்படி, பல மூளைக் கட்டிகளுக்குப் பெயர் சொல்லவே மரபணுச் சோதனை வேண்டும். அதற்குச் சதைத்துண்டு தேவை.

இந்தச் சதைத்துண்டு எடுப்பதைத்தான் பயொப்சி என்கிறார்கள். ஊசியாலோ சிறு வெட்டாலோ கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அது. இங்கே உங்கள் அடுத்த சந்தேகம் வரும்: "ஊசி குத்தினால், கத்தி பட்டால் கேன்சர் பரவிவிடும் என்கிறார்களே?"

நம் படுவான்கரையில் மட்டும் அல்ல, எங்கும் கேட்கும் பேச்சு இது. இந்தப் பயத்தால் பயொப்சியைத் தவிர்த்து, படமே போதும் என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. உண்மை என்னவென்றால், ஊசி போன வழியில் புற்று படர்வது மிக அரிது. எந்தக் கட்டிகளில் அந்த ஆபத்துச் சற்றுக் கூடுதல் என்பதும் வைத்தியர்களுக்குத் தெரியும். விதைப்பையில் உள்ள கட்டிக்கு ஊசி குத்த மாட்டார்கள். எலும்பு, தசைக் கட்டிகளுக்கு, பிறகு சத்திரசிகிச்சை செய்யப்போகும் குழுவே இடம் பார்த்து ஊசி குத்தும். பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதத்தில் கட்டி தானாகவே பரவிவிடலாம். ஊசியைவிட நான் அஞ்சுவது அந்தத் தாமதத்தைத்தான்.

அப்படியானால் பயொப்சிக்கு முன் ஏன் எம்.ஆர்.ஐ.? ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசியும். அது படத்தைக் குழப்பும். படம் முன்பே இருந்தால், கட்டியின் எந்தப் பகுதியில் சந்தேகம் அதிகமோ அங்கே பார்த்துக் குத்தலாம்.

இனி நம் பகுதி மக்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம்.

ஸ்கான் அறைக்குள் போகுமுன் ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகளில் உள்ள காந்தம் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு). 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். ஸ்கான் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். இரும்பு எதுவானாலும் இழுக்கும்.

கிழக்கில் போர் 2007இல் ஓய்ந்தது. ஆனால் குண்டுச் சிதறல்களை (ஷெல் பீஸ்) உடம்பில் சுமந்துகொண்டு வயல் வேலை செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990இல் சிறுபிள்ளையாகக் காயப்பட்டவருக்கு இன்று நாற்பது வயதை அண்டியிருக்கும். கட்டிகளுக்காக ஸ்கான் எழுதப்படும் வயதுக்கு அவர் வந்துகொண்டிருக்கிறார். கட்டுத்துவக்கு வெடித்துக் காலில் சன்னம் ஏறியவர்களும் உண்டு. வலி போய்விட்டதால் பலருக்கு அது மறந்தே போயிருக்கும்.

அதனால் ஸ்கான் எடுக்க முடியாதா? பெரும்பாலும் முடியும். தசைக்குள் பல வருடம் இருந்து, சுற்றிலும் தழும்பு இறுகிவிட்ட துண்டு அசைவது அரிது. ஈயச் சன்னத்தைக் காந்தம் இழுக்காது. உருக்குத் துண்டை இழுக்கும். ஆபத்து எங்கே என்றால் கண்ணில், மூளையில், முள்ளந்தண்டு நரம்பின் அருகில், பெரிய இரத்தக் குழாயின் பக்கத்தில். கண்ணுக்குள் கிடக்கும் ஒரு சிறு இரும்புத் துகள் அசைந்தாலே பார்வை போய்விடலாம். ஆகவே முதலில் எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுத்துத் துண்டு எங்கே என்று பார்ப்பார்கள். பிறகு கதிரியல் வைத்திய நிபுணர் (ஸ்கான் படங்களை வாசிக்கும் வைத்தியர்) முடிவு செய்வார். முடியாது என்றால் சி.டி., சாதாரண ஸ்கான், பயொப்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

அந்தத் துண்டு உங்கள் உடம்புக்குள் எப்படி வந்தது, எந்தப் பக்கத்துக் குண்டு, எந்த வருடம் என்பதெல்லாம் இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை. எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதும். பழைய பயத்தால் மறைக்காதீர்கள். உங்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே வீட்டில் அமைதியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது எல்லோர் முன்னும் சொல்ல அவர்கள் தயங்கலாம்.

வெல்டிங், இரும்பு அரைக்கும் வேலை செய்தவர்களும் கண்ணில் துகள் பட்டிருந்தால் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி), மூளை இரத்தக் குழாயில் கிளிப், காதுக்குள் பொருத்திய கேட்கும் கருவி இவை இருந்தால் அட்டையோடு போங்கள். சில வகைகளோடு ஸ்கான் எடுக்கலாம், சிலவற்றோடு கூடவே கூடாது. எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட், ஸ்குரூ பெரும்பாலும் தடையில்லை. கருத்தடை லூப்பும் பெரும்பாலும் தடையில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். செயற்கைக் கால் போட்டிருப்பவர் அதை வெளியே கழற்றி வைக்க வேண்டியிருக்கும்; உள்ளே போகத் தள்ளுவண்டி தருவார்கள்.

தாலிக்கொடி, காப்பு, தோடு, தாயத்து, அரைஞாண், கொண்டை ஊசி, சேலைக்குக் குத்தும் ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். போகுமுன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நகைகளைக் கூட வருபவரிடம் கொடுங்கள், அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போனும் வங்கி அட்டையும் உள்ளே போகக் கூடாது.

கடோலினியம் ஊசி ஆபத்தா? பெரும்பாலானவர்களுக்கு இல்லை. சிறுநீரகம் மோசமாகப் பழுதடைந்தவர்களுக்கு, பழைய வகை மருந்துகளால் தோல் கல்லாக இறுகும் ஓர் அபூர்வ நோய் வந்தது. அந்தத் தொடர்பு 2006இல் தெரியவந்த பின் விதிகள் கடுமையாகின. இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. என்றாலும் வறண்ட வலய விவசாயிகளான உங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். வடமத்திய மாகாணத்தில் கமக்காரரை வாட்டும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. நீரிழிவும் பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே ஸ்கானுக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவு) பார்த்த துண்டு கையில் இருக்கட்டும். கர்ப்பமாக இருந்தால், அல்லது சந்தேகம் இருந்தால்கூட, முதலே சொல்லுங்கள். அவசியம் இருந்தால் தவிர இந்த ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடமாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒடுக்கமான குழாய்க்குள் இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். தடதடவென்று பெரிய சத்தம் வரும். காதுக்கு அடைப்புத் தருவார்கள். கையில் ஒரு பந்து இருக்கும். பயமாக இருந்தால் அதை அழுத்தலாம், வெளியே எடுத்துவிடுவார்கள். அசைந்தால் படம் கலங்கும், அந்தப் பகுதியை மறுபடி எடுக்க வேண்டிவரும். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குங்கள். சிறுபிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அப்போது எத்தனை மணிக்குப் பின் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் வரும். பிள்ளைகள் யாராவது வாசித்துச் சொல்வார்கள். "லீஷன்" என்றால் மாறுபட்ட ஓர் இடம், அவ்வளவுதான். புற்று என்று பொருள் இல்லை. "பினைன்" என்றால் தீங்கற்றது. "இன்டிடர்மினேட்" என்றால் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை. "சஸ்பிஷியஸ்" என்றால் சந்தேகம் பலமாக இருக்கிறது. "ரெஸ்ட்ரிக்டட் டிஃபியூஷன்" என்றால் தண்ணீர் அசைய இடமில்லை. புற்றாகவும் இருக்கலாம், சீழாகவும் இருக்கலாம். இந்தச் சொற்களை வைத்து வீட்டிலேயே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். துண்டு எழுதிய வைத்தியர் கட்டியைத் தொட்டுப் பார்த்தவர்; அவர் அறிக்கையையும் தன் பரிசோதனையையும் சேர்த்துத்தான் சொல்வார்.

புற்று என்று உறுதியானால் சிகிச்சைக்கு எங்கே போவது? அரச ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். மஹரகமவில் அபேக்ஷா வைத்தியசாலையும், வடக்கில் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையும் இருக்கின்றன. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் கேட்டால், உங்கள் நோய்க்கு எங்கே போகத் தேவை என்று எழுதித் தருவார்கள்.

ஸ்கான் படத்தையும் படம் பதிந்த இறுவட்டையும் பழைய அறிக்கைகளையும் மடிக்காமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, நனையாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொன்னால் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் கட்டி வளர்ந்ததா என்று சொல்ல முடியும். எம்.ஆர்.ஐ. திகதி நெடுநாள் தள்ளிப் போயிருந்தால், இடையில் கட்டி பெருத்தாலோ வலி, விறைப்பு, கைகால் பலவீனம், வலிப்பு வந்தாலோ அந்தத் திகதிக்காக இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு வைத்தியர் "பயொப்சி செய்ய வேண்டும்" என்றால், அன்றைக்கே அதற்கும் ஒரு திகதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.